முடிக்கு மட்டும் டாக்டர் பார்க்காதவள்

திருப்புலிவனத்தில் யாருக்காவது விக்கல் நிற்கவில்லை என்றால் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். எங்கள் வீட்டில் வைத்தியர் யாரும் கிடையாது. என் ஓரகத்தி இருந்தாள், மூத்தாரின், அதாவது என் கணவருடைய அண்ணனின் மனைவி. நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். அவளுக்குக் கஷாயம் போடத் தெரியாது, சுளுக்கு எடுக்கத் தெரியாது. யாராவது கைவைத்தியம் என்று ஆரம்பித்தால் முகத்துக்கு நேரே கொட்டாவி விடுவாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் எப்போது வரும் என்பது ஒன்றுதான். வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மோட்டுவளைய பாத்துக்கினு வூட்லயே படுத்துனு இருந்தா பூடுமா? கெளம்பு, போயி காட்டிக்கினு வந்துரலாம்" என்பாள். அப்புறம் அந்த ஆளுக்குத் தப்பிக்க வழியில்லை.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் தண்ணீர் மருந்து வாங்க நாம்தான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். அக்கா மாட்டுக்கொட்டகைப் பரணில் கழுவிக் காயவைத்த பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஊரில் யார் கேட்டாலும் ஒன்று எடுத்துக் கொடுப்பாள், கூடவே அவளும் கிளம்பிவிடுவாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி போவாள். "இவ என் புள்ளய கட்டிக்கினாளா, கம்பவுண்டர கட்டிக்கினாளான்னே தெர்ல" என்று எங்கள் மாமியார் அலுத்துக்கொள்வார். அக்கா அதற்கும் சிரிப்பாள்.

நான் வாக்கப்பட்டு வந்தது எமர்ஜென்சி முடிந்த வருஷம். மதுராந்தகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வந்த வாரமே நகச்சுற்று வந்து விரல் வீங்கியது. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகிக்கொண்டு வீராப்பாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பழத்தைப் பிடுங்கி எறிந்தாள். புது மருமகள் வெளியே போகக்கூடாது, நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என்னைத் தெருவுக்கு இழுத்துவிட்டாள். எனக்கு அவள்மேல் எரிச்சலான எரிச்சல். டாக்டர் விரலைக் கீறியபோது நான் அலறிய அலறலில் வரிசையில் நின்ற குழந்தைகளெல்லாம் அழ ஆரம்பித்தன. திரும்பும்போது அக்கா ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்து, "சத்தம் போட்டா போடு. விரலு மிஞ்சிச்சா இல்லியா?" என்று கேட்டாள். நாங்கள் சிநேகிதம் ஆனது அந்த சோடாவில்தான்.

எங்கள் மாமனாருக்கு இருமல் என்றால் அவர் இருமமாட்டார். அடக்கிக்கொண்டு கழனிப் பக்கம் போய், பம்ப்செட் கொட்டகையில் உட்கார்ந்து ஆசைதீர இருமிவிட்டு வருவார். ஒருநாள் வரப்பு வழியாகக் கையில் குடையும் பாட்டிலுமாக மருமகள் வருவதைப் பார்த்ததும், மோட்டார் ரிப்பேர் என்று தொட்டிக்குள் இறங்கிக்கொண்டாராம். அக்கா தொட்டிமேல் உட்கார்ந்து, அவர் வெளியே வரும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். சாயங்காலம் அவர் மருந்தோடு வீட்டுக்கு வந்தார். யாரோடும் பேசவில்லை. ஆனால் அந்த இருமல் நின்றுபோனது.

ஏன் இப்படி ஆஸ்பத்திரிப் பைத்தியமாக இருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கொரு தங்கச்சி இருந்துச்சு. எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத வயசு" என்றாள். மேலே சொல்லுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிணற்றடித் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தலை வாரிவிடுவோம். பகல் முழுக்க எங்களுடையது என்று இருந்த நேரம் அது ஒன்றுதான். அக்காவின் முடி தொடையைத் தொடும். இரண்டு கையாலும் பிடித்தால்தான் பிடிபடும். அதை வாருவதற்குள் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். அவள் என் எலிவால் பின்னலை வாரி முடித்துவிட்டு, "ஆச்சா? நானு பின்ன ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள முடிஞ்சிடிச்சே" என்று கேலி செய்வாள். சீப்பில் வரும் முடியைச் சுருட்டி மாட்டுக்கொட்டகைக் கீற்றில் சொருகி வைப்போம். சவுரி செய்கிறவர்களுக்கு விற்க முடி வாங்கும் பெண் ஒருத்தி மாதத்துக்கு ஒருதரம் வருவாள். சேர்த்து வைத்த முடியைக் கொடுத்தால் ஊசியும் ஊக்கும் கண்ணாடி வளையலும் கொடுப்பாள்.

ஒரு பங்குனியில் அந்தப் பெண் எங்கள் கீற்றிலிருந்து எடுத்த முடிச்சுருள்களைப் பார்த்து வாயைப் பிளந்தாள். ஊசி, ஊக்கோடு நிறுத்தாமல் ஒரு அலுமினியத் தூக்கே கொடுத்தாள். அக்கா அதைத் தெருவெல்லாம் காட்டி, "என் தல சம்பாத்தியம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். வாரிவிட்டது நான். சீப்பு வைத்த இடத்திலெல்லாம் கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது எனக்குத்தான் தெரியும். வகிடு அகலமாகிக்கொண்டே போய், உச்சந்தலைத் தோல் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றேன். ஊருக்கே சொல்கிற ஆள், உடனே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"காச்சலு, வவுத்து வலின்னா சொல்லலாம். முடி கொட்டுதுன்னு போயி நின்னா அந்த டாக்டரு இன்னா நெனப்பாரு? புள்ள இல்லாதவளுக்கு இப்ப அலங்காரம் ஒண்ணுதான் கொறச்சலான்னு நெனைக்க மாட்டாரா?"

அவளுக்குக் கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அதற்காகவும் அவள் டாக்டரிடம் போயிருக்கிறாள். உடம்பில் குறை ஒன்றும் தெரியவில்லை, பொறுத்திருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொறுக்க அவள் தயார்தான், வீடுதான் தயாராக இல்லை. மாமியாரின் தம்பிக்கு உக்கல் பக்கத்தில் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வர ஆரம்பித்திருந்தாள். எதற்கு வருகிறாள் என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அந்த வீடு அவளுடையது. இல்லையென்றால் இல்லை.

முடி கொட்டுகிற விஷயம் மாமியார் காதுக்குப் போனதும் அவருக்குச் சட்டென்று நினைவு வந்துவிட்டது. மூத்த மருமகளுக்குப் பிள்ளை பிறந்தால் அவள் முடியைத் திருத்தணியில் இறக்குவதாக அவர் எப்போதோ வேண்டிக்கொண்டிருந்தார். பிறந்த பிறகு கொடுக்க வேண்டிய முடியைச் சாமி முன்கூட்டியே கேட்கிறார், அதனால்தான் தானாகக் கொட்டுகிறது என்றார். முதலில் கொடுத்துவிட்டால் பிள்ளையும் முன்னாலேயே வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மூத்தார் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. நான் கோபத்தோடு அக்காவைப் பார்த்தேன். வைத்தியத்தில் யார் குறுக்கே வந்தாலும் சண்டைக்கு நிற்கிறவள், மாமியார் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிள்ளை என்று சொல்லிவிட்டால் அவளும் சாதாரணப் பெண்தானே.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனோம். மழித்து முடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, எப்படி இருக்கிறேன் என்று கேட்டாள். தேங்காய் மாதிரி இருக்கிறாய் என்றேன். மலைப்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். முகம் கொஞ்சம் ஊதினாற்போல் இருந்தது. முடி இல்லாததால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு முடி கொட்டவில்லை. கொட்டுவதற்குத் தலையில் முடி இருந்தால்தானே. எங்களுக்கு அது உறைக்கவில்லை. சாமிக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகும் என்று வீடே நிம்மதியாக மூச்சுவிட்டது. அக்கா எப்போதும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டிருந்தாள். கிணற்றடிக்கு நான் கூப்பிட்டால், "இன்னாத்த வாரப் போற?" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாள். பகலில் படுக்கிற வழக்கமே இல்லாதவள் மத்தியானமெல்லாம் தூங்கினாள். புரட்டாசிப் புழுக்கத்தில் போர்வை கேட்டாள். குரல் கட்டிப்போய் ஆம்பளைக் குரல் மாதிரி கேட்டது. புருவத்தின் ஓரங்கள் உதிர்ந்துபோயிருந்தன. ஊரில் யாருக்காவது இப்படி இருந்திருந்தால் பாட்டிலை எடுத்துக்கொண்டு அக்கா அவர்கள் வாசலில் போய் நின்றிருப்பாள்.

தனக்கென்று வந்தபோது ஏன் போகவில்லை என்றால், அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. ஒரு மாதம் தள்ளியது, இன்னொரு மாதமும் தள்ளியது. தூக்கம், சோர்வு, முக ஊதல், உடம்பு பூசினது எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டது. மாமியார் அவளைத் தரையில் நடக்கவிடவில்லை. பஸ் குலுக்கல் ஆகாது, கண் பட்டுவிடும், அஞ்சாம் மாசம் தாய்வீட்டார் வந்து பூ முடிக்கிறவரை ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார். அக்காவும் கேட்டுக்கொண்டாள். அவள் அந்த வீட்டில் ராணி மாதிரி இருந்தது அந்த மாதங்கள் மட்டும்தான். உக்கல் பெண்ணும் வருவதை நிறுத்திவிட்டாள். மூத்தார் உத்திரமேரூரிலிருந்து அல்வா வாங்கி வந்து, என் எதிரில் கொடுக்கக் கூச்சப்பட்டு, மாட்டுத்தொட்டி மேல் வைத்துவிட்டுப் போவார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

தை மாதத்தில் பூ முடிக்க நாள் குறித்தார்கள். சாலவாக்கத்திலிருந்து அவள் அம்மா கூடை கூடையாகப் பூ கொண்டுவந்தாள். ஊர்ப் பெண்களெல்லாம் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மணையில் உட்காரவைத்து, பூவைத் தலையில் வைப்பதற்காக அவள் அம்மாவே முந்தானையை விலக்கினாள். மொட்டையடித்து ஆறு மாதம் ஆகிறது, பின்னல் போட முடியாவிட்டாலும் ஊக்கு குத்துகிற அளவுக்காவது வளர்ந்திருக்க வேண்டும். தலையில் அங்கங்கே பூனைமயிராகக் கொஞ்சம் இருந்தது, மற்ற இடமெல்லாம் வெறும் தோல். பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அம்மா நின்றுகொண்டே இருந்தாள். பூ வைக்க இடமில்லை. பிறகு அந்த அம்மாள் மகள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். இரண்டாவது தரமும் வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் அக்காவின் அம்மாவும் நானும் அவளைக் காஞ்சிபுரத்துக்கு ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அந்த டாக்டர் வயிற்றைப் பார்க்கும் முன்னால் தலையையும் புருவத்தையும் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். குளிர்கிறதா, குரல் எப்போது மாறியது, தூக்கம் எப்படி என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டினாள். வயிற்றில் பிள்ளை இல்லை என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். கழுத்தில் இருக்கிற சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை, மெட்ராஸில் ரத்தம் சோதித்து உறுதி செய்ய வேண்டும், தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டால் போதும், ஒரு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்றார். பிள்ளை பிறக்காமல் இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்றும், இனிமேல் பிறக்கலாம் என்றும் சொன்னார்.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். முடி கொட்டியபோதே வந்திருக்க வேண்டுமா என்று. டாக்டருக்குக் கோபம் வரவில்லை. சீப்பில் நாலு முடி வருவதற்கெல்லாம் யாரும் ஓடி வரவேண்டாம், அது எல்லாருக்கும் வருவதுதான் என்றார். திடீரென்று கொத்துக்கொத்தாக வந்தாலோ, வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலை அரித்துப் புண்ணானாலோ, கூடவே உடம்பு சோர்ந்து மாதவிலக்கு மாறினாலோ காத்திருக்கக் கூடாது, முடியைச் சாக்கிட்டு உடம்பு ஏதோ சொல்கிறது என்று அர்த்தம் என்றார். "முடிக்காக வர்றதுல வெட்கம் என்னம்மா இருக்கு? அதுவும் உங்க உடம்புதானே" என்றார். அக்கா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பிள்ளை இல்லாத வயிற்றுக்கு ஊரைக் கூட்டிப் பூ முடித்துவிட்டோமே என்ற அவமானம் மாமியாரைத் தின்றுவிட்டது. தெருக்குழாயில் பெண்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் கெட்டவர் இல்லை, நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் ஊர் வாயை மூட அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மாசியில் மூத்தாருக்காக உக்கலுக்குத் தட்டு மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று, அக்கா அடுப்பங்கரையில் மாமியார் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு வருசம் குடு அத்தே. டாக்டரம்மா ஒரு வருசம்னுதான் சொன்னாங்க."

"சாமி குடுக்காதத மாத்திர குடுத்துருமா?" என்றார் மாமியார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அந்தச் சுவரைப் பார்த்தால் எரியும். வீட்டிலேயே ஒரு ஓரமாக இருந்துகொள் என்று மாமியார் சொல்லிப் பார்த்தார். அக்கா தலையாட்டவில்லை. மாத்திரைகளையும் இரண்டு புடவையையும் பையில் வைத்துக்கொண்டு சாலவாக்கத்துக்குக் கிளம்பினாள். பரணில் பாட்டில்களை அடுக்கினபடியே விட்டுப் போனாள். அப்புறம் ஊரில் யாராவது பாட்டில் கேட்டு வந்தால் நான் எடுத்துக் கொடுப்பேன். கூடப் போகத்தான் எனக்கு அவளைப் போல் வராது.

உக்கலிலிருந்து வந்த பெண் நல்லவள். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து என்னைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்ததும், நடந்தது நடக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் மத்தியானங்களில் கிணற்றடிக்குப் போவேன். என் தலையை நானே வாரிக்கொண்டு, கேலி செய்ய ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

சில வருஷம் கழித்து, அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணி எடுக்க உத்திரமேரூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினால் அக்கா. முகத்தில் ஊதல் இல்லை. குரல் பழைய குரல். தலை நிறைய முடி, இடுப்பு வரை பின்னல். அவள் என்னை விசாரிக்கவில்லை, வீட்டை விசாரிக்கவில்லை. குழந்தையைப் பார்த்தாள். அப்படியே மூத்தார் ஜாடை, யாருக்கும் புரியும்.

கையை நீட்டி அதன் நெற்றியைத் தொட்டாள். "ஒடம்பு கொதிக்குதே, தெர்லியா உனுக்கு?" என்றாள். வெயில் சூடு என்று நான் இழுத்தேன். அதற்குள் குழந்தை அவள் இடுப்புக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியை நோக்கி அவள் நடக்க, நான் துணிப்பையோடு பின்னால் ஓடினேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு கிழவி, குழந்தை கன்னத்தைக் கிள்ளிவிட்டு, உன் பிள்ளையா என்று அக்காவைக் கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"எங்க வூட்டுப் புள்ள" என்றாள் அக்கா.

ஊசி போட்டு, மருந்து வாங்கி, மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். குழந்தை அழுது அழுது அவள் தோளிலேயே தூங்கிவிட்டது. எங்கள் ஊர் பஸ் வந்து நின்றதும் குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன். அது அவள் பின்னலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. விரல்களைப் பிரிக்கப் போனேன். அக்கா என் கையை விலக்கினாள்.

"வுடு. தூங்கட்டும். அடுத்த பஸ்ல போயிக்கலாம்."

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் வந்து நின்றது. ஏறு என்று அவளும் சொல்லவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.